பஜனைக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று: டர்பனில் கிட்டார் பிக் தேர்வு

கிட்டாருக்கு ஆயிரக்கணக்கான ராண்ட் செலவழிக்கிறோம். கம்பி எந்த கம்பெனி, கேபிள் எத்தனை மீட்டர் என்றெல்லாம் விசாரிக்கிறோம். கம்பியை மீட்டும் பிக் என்று வரும்போது மட்டும் கவுன்டரில் இருக்கும் டப்பாவில் கைவிட்டு, கண்ணுக்குப் பிடித்த நிறத்தில் இரண்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். கம்பியைத் தொடுகிற பொருள் அந்தச் சின்னத் துண்டுதான். புது கம்பி செட் போட்டால் கேட்கும் மாற்றத்தைவிட, பிக்கை மாற்றும்போது கேட்கும் மாற்றம் பல நேரங்களில் பெரிது. செலவோ மிகக் குறைவு.

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் ஒரே கிட்டார்காரர் வெள்ளிக்கிழமை கோயில் பஜனையில் உட்காருவார், சனிக்கிழமை கல்யாண ஹாலில் சினிமாப் பாட்டு வாசிப்பார். இன்னொருவர் ஞாயிறு காலை சர்ச் ஆராதனைக் குழுவில் நிற்பார். இந்த மூன்று இடங்களிலும் பிக்குக்கு வேலை வேறு. "எது நல்ல பிக்?" என்ற கேள்விக்கு அதனால் ஒற்றைப் பதில் கிடையாது. எந்த வேலைக்கு எது என்று பார்ப்போம்.

முதலில் பலரைத் தடுமாற வைக்கும் ஒரு விஷயம். பிக்கில் அச்சடித்திருக்கும் எண் தடிமனைச் சொல்கிறது, விறைப்பைச் சொல்வதில்லை. 0.73 மி.மீ. என்று போட்ட மூன்று பிக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று நைலான், ஒன்று டெல்ரின், ஒன்று அல்டெக்ஸ். மூன்றும் பிளாஸ்டிக் வகைகள்தான். கட்டைவிரலால் முனையை அழுத்திப் பாருங்கள். நைலான் இலைபோல வளைந்து கொடுக்கும். டெல்ரின் கொஞ்சம் தயங்கி வளைந்து, விட்டதும் சட்டென்று நிமிரும். அல்டெக்ஸ் மூன்றிலும் குறைவாகத்தான் வளையும். நண்பர் 0.73 நன்றாக இருக்கிறது என்றார், நான் வாங்கியது சரியில்லை என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் பொருள் மாறியதைக் கவனித்திருக்க மாட்டார்கள். டெல்ரினிலிருந்து நைலானுக்குப் போனால் ஒரு படி தடிமன் ஏற்றுங்கள். அல்டெக்ஸுக்குப் போனால் ஒரு படி இறக்குங்கள். ஓரளவு அதே விறைப்பு கையில் கிடைக்கும்.

பொருள்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் காற்று இதில் நேரடியாகத் தலையிடுகிறது.

பிளாஸ்டிக் பிக்குகளில் செல்லுலாய்டுதான் மூத்தது. நியூயார்க்கில் லூயிஜி டி ஆண்ட்ரியா 1922இல் செல்லுலாய்டுத் தகட்டிலிருந்து பிக் வெட்ட ஆரம்பித்தார். இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும், தோள் அகன்று முனை குவிந்த '351' வடிவம் அந்த கம்பெனியின் அட்டவணை எண்தான். செல்லுலாய்டு செய்ய நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரம் சேர்க்கிறார்கள். பிக்கை அழுத்தித் தேய்த்து மோந்து பார்த்தால் லேசாகக் கற்பூர வாசம் வரும். அதே காரணத்தால் ஒரு எச்சரிக்கையும் உண்டு: செல்லுலாய்டு தீப்பிடித்தால் சட்டென்று எரிந்துவிடும். பஜனையில் ஆரத்தித் தட்டுப் பக்கத்தில் பிக்கை வைக்காதீர்கள். ஒலியைப் பொறுத்தவரை இது பளிச்சென்று, கொஞ்சம் இனிமையாக இருக்கும். ஃபெண்டரின் தின், மீடியம், ஹெவி பலருக்கும் பழக்கம். குறை என்னவென்றால், வழவழப்பானது, வியர்வையில் வழுக்கும், முனை சீக்கிரம் தேயும்.

நைலான் மென்மையானது, ஒலியும் உருண்டு வரும். பிடிக்கும் இடத்தில் சொரசொரப்பு வைத்திருப்பார்கள், அது பெரிய உதவி. ஆனால் நைலான் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நைலான் 6/6 என்ற வகை, காற்றில் 50 சதவீத ஈரப்பதம் இருக்கும்போதே தன் எடையில் ஏறக்குறைய 2.5 சதவீதம் நீரை ஏற்றுக்கொள்ளும். முழுக்க ஊறினால் அது 8 சதவீதத்தை ஒட்டிப் போகும். ஈரம் ஏற ஏற நைலான் துவளும். தைப்பூசக் காவடி வரும் ஜனவரி, பிப்ரவரியில் டர்பன் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜூலையில் ஜோஹன்னஸ்பர்க் லெனேசியாவில் வறண்ட குளிரில் வாசித்த நைலான் பிக், கோடையில் இங்கே இன்னும் மெலிந்துவிட்டதுபோலத் தோன்றுவது மனப்பிரமை இல்லை. நைலான்தான் பிடிக்கும் என்பவர்கள் கோடைக்கு ஒரு படி தடித்ததைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

டெல்ரின் ஈரத்தை அநேகமாகத் தொடுவதே இல்லை. ஊறினாலும் ஒரு சதவீதத்தை எட்டாது. டன்லப் கம்பெனி 1981இல் கொண்டுவந்த டார்டெக்ஸ் இந்த வகை. டன்லப் என்றால் இங்கே பலருக்கும் டயர்தான் நினைவுக்கு வரும். இது வேறு. ஸ்காட்லாந்திலிருந்து அமெரிக்கா போன ஜிம் டன்லப் 1965இல் தொடங்கிய கம்பெனி. டார்டெக்ஸில் நிறமே தடிமனைச் சொல்லும்: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. இருட்டான மேடையில் பையைத் துழாவும்போது இது எத்தனை வசதி என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். மேற்பரப்பில் சுண்ணாம்புப் பொடி தடவியதுபோல ஒரு மங்கல் இருக்கும். நனைந்த விரலிலும் ஓரளவு நிற்கும். டர்பனில் ஒரே பொருளைத்தான் சிபாரிசு செய்ய வேண்டும் என்றால் டெல்ரின் என்பேன்.

அல்டெக்ஸ் இன்னும் விறைப்பு. தேய்மானம் குறைவு, ஒலி கூர்மை. தனி வரிகள் வாசிப்பவர்களுக்கு நல்லது. ஸ்ட்ரம் மட்டும், அதாவது எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அடிப்பது மட்டும், செய்பவர்களுக்குக் காதைக் குத்தும். இதற்கு மேலே பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கில் கடைந்தெடுத்த ப்ளூ சிப் போன்ற விலையுயர்ந்த பிக்குகள் இருக்கின்றன. வழுக்காமல், கம்பியில் உரசல் சத்தமே இல்லாமல் வாசிக்கின்றன என்பது உண்மை. ஆனால் ஒரு பிக்கின் விலைக்கு இங்கே இரண்டு செட் கம்பி வாங்கலாம், பிக் என்பதோ தொலையவே பிறந்த பொருள். கையில் இன்னும் ஒரு பழக்கம் உறுதியாகாதவருக்கு அது தேவையில்லை.

ஆமை ஓட்டு பிக்கைப் பற்றிப் பழைய ஆட்கள் ஏக்கத்தோடு பேசுவார்கள். அது அழுங்காமையின் ஓடு. நம் குவாசூலு-நட்டால் கடலிலும் திரியும் உயிர் அது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் அதன் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டிருக்கிறது. யாராவது இணையத்தில் விற்கிறார் என்றால் வாங்காதீர்கள்.

இனி வேலைகளுக்கு வருவோம்.

பஜனையில் கிட்டாரின் வேலை தாளத்துக்குத் துணை நிற்பது. ஆர்மோனியம் நடு சுரங்களை நிரப்பிவிடும், மிருதங்கமும் தபேலாவும் அடிப்பகுதியைப் பிடித்திருக்கும். மிச்சமிருக்கும் இடம் மேலே, மெல்லிய கம்பிகளின் சரசரப்பு. இதற்கு 0.60 அல்லது 0.73 டெல்ரின் போதும். பிக் கொஞ்சம் வளைவதால் ஆறு கம்பியிலும் அடி சமமாக விழும், கை தப்பி ஒரு கம்பியில் ஓங்கி அடித்தாலும் அது வெளியே தெரியாது. அதற்காக 0.50க்குக் கீழே போகாதீர்கள். பாட்டு முடிவில் காலம் ஏறி, எல்லோரும் கைதட்டி, வேகம் இரட்டிக்கும் அந்த இடத்தில் மெல்லிய பிக் காலை வாரும். வளைந்த முனை நிமிர்வதற்குள் அடுத்த அடி வந்துவிடும், ஒவ்வொரு அடியும் மயிரிழை பிந்தும், மிருதங்கக்காரர் திரும்பிப் பார்ப்பார். தவறு அவர் தாளத்திலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை.

மைக் இல்லாமல் வெளியில் வாசிக்கும்போது கதை வேறு. காவடி ஊர்வலத்தோடு நடந்துகொண்டே வாசிக்க மெல்லிய பிக் எடுத்தால் 'டிக் டிக்' என்று பிளாஸ்டிக் சத்தம் மட்டும் கேட்கும், சுரம் காற்றோடு போய்விடும். 0.88 எடுங்கள். தடித்த பிக் கம்பியை அதிகம் தள்ளிவிட்டு விடுவிக்கிறது, அதனால் சுரத்தின் உடல் பெரிதாகிறது.

சர்ச் ஆராதனைக் குழுக்களில் பெரும்பாலும் எலெக்ட்ரோ-அக்கூஸ்டிக் கிட்டார் நேராக மிக்ஸருக்குப் போகும். பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் மேடான சேடிலுக்கு அடியில் இருந்து அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிய்சோ பிக்கப், பிக் கம்பியைத் தட்டும் ஓசையைக் கம்பியின் ஓசையைவிட ஆர்வமாகப் பிடிக்கும். வீட்டில் இனிமையாகக் கேட்ட 0.50 பிக், ஸ்பீக்கரில் சீட்டுக்கட்டைக் குலுக்குவதுபோலக் கேட்பது இதனால்தான். சவுண்ட் பார்க்கும் தம்பி ட்ரெபிளைக் குறைப்பார், கிட்டாரின் வெளிச்சமெல்லாம் போய்விடும். அதற்கு முன் பிக்கைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். 351 வடிவத்தில் ஒரு கூர்முனையும் இரண்டு உருண்ட தோள்களும் இருக்கின்றன. தோள்ப்பக்கத்தால் ஸ்ட்ரம் செய்தால் அந்தத் தட்டல் பாதிக்குமேல் அடங்கிவிடும். காசு செலவில்லை. ஜாஸ் கிட்டார் மேதை பாட் மெத்தீனி உருண்ட பக்கத்தால்தான் வாசிக்கிறார்.

எலெக்ட்ரிக்கில் எதிரொலி தரும் டிலே போட்டு ஒற்றைக் கம்பி வரிகள் வாசிப்பவர்களுக்கு நேரெதிர் தேவை. ஒவ்வொரு தட்டலும் தெளிவாக இருந்தால்தான் எதிரொலி கலங்காது. யூ2 குழுவின் எட்ஜ், ஹெர்டிம் என்ற வகை பிக்கில் விரலுக்காகச் செய்த சொரசொரப்புப் பக்கத்தைக் கம்பிப் பக்கம் திருப்பி, அந்த உரசலையே தன் ஒலியாக்கிக்கொண்டவர்.

கல்யாண ஹாலில் சினிமாப் பாட்டு வாசிக்கும்போதுதான் தேர்வு கடினம். பல்லவிக்கு முன்னால் ஒரு நீண்ட தனி வரி, சரணத்தில் பல சுரங்களைச் சேர்த்து அடிக்கும் கார்டு, நடுவில் வீணைபோல இழுத்து வாசிக்கும் துணுக்கு. தனி வரிக்கு 1.0க்கு மேல் வேண்டும். டன்லப்பின் ஜாஸ் 3 என்ற சின்ன பிக், 1.38 மி.மீ., கூர்முனை. எரிக் ஜான்சன் வாசிப்பது அதுதான். வேகத்துக்கும் துல்லியத்துக்கும் அதை மிஞ்சுவது கடினம். ஆனால் வியர்த்த கையில் அது பொட்டுக்கடலை. விரல் பெரியவர்கள் அதே முனையோடு அகலமான எக்ஸ்எல் அளவை வாங்கலாம்.

கமகத்தோடு இழுத்து வாசிப்பதற்குக் கூர்முனை சரிவராது என்பது என் உறுதியான கருத்து. கமகம் கேட்க வேண்டியது தட்டலுக்குப் பின்னால் வரும் நாதத்தில். கூர்முனையில் தட்டல் முந்திக்கொண்டு காதை நிரப்பிவிடும், இடதுகை செய்யும் அசைவு பின்னால் தேய்ந்துபோகும். 1.0 முதல் 1.5 வரை தடித்த, முனை உருண்ட பிக்கால் ஒருமுறை மீட்டி, இடதுகையால் மூன்று நான்கு சுரங்களை இழுத்துப் பாருங்கள். வட இந்தியக் கம்பிக் கருவியான சரோத்தில் தேங்காய்ச் சிரட்டையில் தடித்த பிக் செதுக்கி வாசிப்பது இன்றும் உண்டு. ஒரே மீட்டலில் நீண்ட இழுப்பு வாங்க வேண்டிய கருவிகள் தடித்த பிக்கைத் தேடிப் போயிருப்பது தற்செயல் இல்லை.

மூன்று வேலைக்கும் ஒரே பிக்தான் வைத்திருப்பேன் என்பவருக்கு: டெல்ரின் 0.88, 351 வடிவம். ஸ்ட்ரமுக்குத் தோள், தனி வரிக்கு முனை. எதிலும் முதலிடம் பிடிக்காது, எதிலும் கைவிடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பன்னிரண்டு கம்பி கிட்டாருக்கு 0.50, 0.60, தடித்தது எடுத்தால் இரட்டைக் கம்பிகளுக்கிடையே மாட்டும். பேஸ் கிட்டாருக்கு 346 என்ற பெரிய முக்கோண வடிவம், 1.0க்கு மேல், மூன்று முனையும் ஒரே மாதிரி, ஒன்று தேய்ந்தால் திருப்பிக்கொள்ளலாம். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் விரல்தான் அழகு. பிக்தான் வேண்டும் என்றால் உருண்ட நைலான் 0.60, அந்தக் கிட்டார்களில் பலகையைக் காக்கும் பிளாஸ்டிக் தகடு இருக்காது, விறைத்த முனை மரத்தைக் கீறிவிடும்.

நம் பக்கத்து வீட்டு இசையான, சூலு மக்களின் மஸ்கந்தாவைக் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் இப்போது நிறைய. அதற்குத் தட்டை பிக் வேண்டாம். கார்டு அடிக்கும் பழைய 'உகுவம்பா' முறையிலிருந்து, கம்பிகளைத் தனித்தனியே மீட்டும் 'உகுபிகா' முறைக்கு வழிவகுத்தவர் என்று புஸுஷுகேலா என்ற பெயரில் புகழ்பெற்ற ஜான் பெங்குவைச் சொல்வார்கள். கட்டைவிரல் கீழ்க்கம்பிகளில் ஒரு வரி, ஆள்காட்டிவிரல் மேலே இன்னொரு வரி. நகம் உடையும் கையென்றால் கட்டைவிரலில் மாட்டும் தம்ப்-பிக் போடலாம். அது சிறியது, நடுத்தரம், பெரியது என்று வரும். இறுக்கமாக இருந்தால் விரல் நுனி மரத்துப்போகும், தளர்வாக இருந்தால் சுழலும். பிளாஸ்டிக் தம்ப்-பிக்கை வெந்நீரில் சில விநாடி போட்டு, இடுக்கியால் எடுத்து, சூடு தாங்கும் அளவுக்கு ஆறியதும் விரலில் மாட்டிப் பிடித்து, குளிர்ந்த நீரில் காட்டினால் உங்கள் விரல் அளவுக்கே படிந்துவிடும். லைட்டரில் காட்டாதீர்கள், செல்லுலாய்டு என்றால் கையிலேயே பற்றிக்கொள்ளும்.

பிக் கையில் நிற்கவில்லை என்ற புகார்தான் டர்பனில் அதிகம். பெரும்பாலும் காரணம் வியர்வை மட்டும் இல்லை, முனையை நீளமாக நீட்டிப் பிடிப்பதும்தான். ஆள்காட்டிவிரலை மடக்கி, அதன் பக்கவாட்டில் பிக்கைக் கிடத்தி, மேலே கட்டைவிரலை வையுங்கள். வெளியே தெரிவது 3 முதல் 5 மி.மீ. இருந்தால் போதும். நீண்டிருந்தால் கம்பி நெம்புகோல்போல அதைத் திருகிவிடும். அப்படியும் வழுக்கினால், பிடிக்கும் இடத்தில் மட்டும் கத்திமுனையால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள், அல்லது 120 எண் உப்புத்தாளில் இரண்டு பக்கமும் நாலு இழுப்பு. அட்டை குத்தும் கருவியால் நடுவில் ஓட்டை போட்டால் இரண்டு விரலின் சதையும் உள்ளே ஒன்றையொன்று தொட்டுப் பிடித்துக்கொள்ளும். பஜனையில் விபூதி பட்ட விரலோடு உட்கார்ந்தால் பொடி வழுக்கலைக் கூட்டும்; ஈரத் துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். அழுத்திப் பிடிப்பது தீர்வே இல்லை. அழுத்தம் மணிக்கட்டுக்கு ஏறும், ஒரு மணி நேரத்தில் முன்கை இறுகும்.

கம்பி அறுவதற்கும் தடித்த பிக்கையே குறை சொல்வார்கள். அறுந்த கம்பியை எடுத்துப் பாருங்கள். சேடில்மேல் உட்காரும் இடத்தில் அறுந்திருந்தால் அங்கே ஒரு பிசிறு இருக்கிறது. சேடிலை நுண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். நீங்கள் மீட்டும் இடத்திலேயே அறுந்திருந்தால்தான் கைவேகமும் பிக்கும் காரணம். 10-47 போன்ற (எண்கள் கம்பியின் தடிமனைச் சொல்பவை) மெல்லிய அக்கூஸ்டிக் செட்டில் 1.14 பிக்கால் ஓங்கி அடித்தால் இன்னொன்றும் நடக்கும்: அடிக்கும் கணத்தில் சுரம் கொஞ்சம் ஏறி ஒலித்துப் பிறகு இறங்கும். ட்யூனரில் சரியாக இருந்தும் பாட்டில் சுருதி சேரவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். 12-53 செட்டில் இது அவ்வளவு தெரியாது.

தேய்ந்த பிக்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முனையின் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருப்பது இயல்பு, கம்பியை நீங்கள் சாய்வாகத் தொடுவதன் அடையாளம் அது. ஓரத்தில் பற்கள் விழுந்து, தடித்த கம்பியில் 'கீச்' என்று உரசினால் சரிசெய்யுங்கள். 400 எண் உப்புத்தாளை மேசையில் விரித்து, கம்பியில் வாசிக்கும் அதே சாய்வில் பிக்கைப் பிடித்து, இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் இழுங்கள். பிறகு 1000, பிறகு 2000. கடைசியாக ஜீன்ஸ் துணியில் வேகமாகத் தேய்த்தால் ஓரம் வழவழப்பாகும். புது டார்டெக்ஸுக்கும் இதில் கடைசி இரண்டு கட்டத்தைச் செய்தால் உரசல் குறையும். நைலானில் இது அவ்வளவு சுலபமில்லை, நார்நாராக எழும்.

மாற்றுப் பொருள்கள்? பழைய பேங்க் கார்டு 0.76 மி.மீ. தடிமன், எண் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிவிசி மெத்தென்றது, தடித்த கம்பிகளில் ஒரே மாலையில் முனை பிசிறிவிடும். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் வெட்டினால் சத்தமே வராது. குழந்தை தூங்கும் வீட்டில் இரவுப் பயிற்சிக்கு அதுவே நல்லது. ரொட்டிப்பை கிளிப்பால் மீட்டுவோரும் உண்டு, முறிந்து சில்லு தெறிக்கும். அவற்றை விற்றுச் சக்கர நாற்காலி வாங்கித் தருவதற்காகச் சேகரிக்கிறார்களே, அந்த டப்பாவுக்கே போகட்டும். நாணயத்தால் வாசிக்கலாம், குயீன் குழுவின் பிரையன் மே பழைய ஆறு பென்ஸ் காசால் வாசித்தே பெயர் வாங்கினார். ஆனால் உலோகம் கம்பியின் சுற்றைச் சீக்கிரம் அரிக்கும், அடிக்கடி கம்பி மாற்ற மனமிருந்தால் செய்யுங்கள்.

வாங்கும்போது ஒரே வகையில் ஒரு டஜன் வாங்காதீர்கள். டெல்ரின் 0.60, 0.73, 0.88, 1.0 ஆகிய நான்கு, நைலான் 0.73 ஒன்று, 1.38 ஜாஸ் 3 ஒன்று. இந்த ஆறையும் வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். போனை ஒரு மீட்டர் தள்ளி வைத்து, ஒரே பாட்டின் எட்டு ஆவர்த்தனத்தை ஒவ்வொரு பிக்காலும் வாசித்துப் பதிவு செய்யுங்கள்: நான்கு ஆவர்த்தனம் ஸ்ட்ரம், நான்கு தனி வரி. எது எந்த பிக் என்று பேசிப் பதியாமல், வரிசையைத் தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். மறுநாள் தாளைப் பார்க்காமல் கேளுங்கள். முதல் அடியின் தட்டலைக் கவனிக்காமல், மூன்றாவது கம்பி எவ்வளவு தெளிவாக, எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்று மட்டும் கேளுங்கள். சுற்றில்லாத கம்பியும் சுற்றிய கம்பியும் சந்திக்கும் இடம் அதுதான். பொருந்தாத பிக் அங்கேதான் முதலில் மாட்டிக்கொள்ளும்.